எட்டரை மணிக் கொண்டை

வாருங்கள், வந்து பாருங்கள். தொலைவில் நின்று தலையசைத்தது போதும். அருகில் வந்து, ஒரு பெண்ணின் நெற்றியோரம் குனிந்து பாருங்கள். முகம் சுளிக்காதீர்கள். நெற்றிப்பொட்டிலிருந்து காதுக்கு மேல்வரை இரண்டு விரற்கடை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் மினுங்குகிறது. மினுங்கும் தோலின் நடுவே காய்ந்தும் காயாமலும் கீறல்கள். அந்த முடியைக் கொண்டுபோனது நோயன்று, மூப்பன்று, தலையெழுத்துமன்று. ஆம்பூர் நெடுஞ்சாலையோரக் காலணித் தொழிற்சாலை ஒன்றின் வாசலில், நாள் தவறாமல் காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு, ஊரறிய, அவள் மேல் அன்பு வைத்த ஒரு கையாலேயே பிடுங்கப்பட்டது அது. கை குற்றவாளியா, கையை ஏவிய சட்டம் குற்றவாளியா? கேட்டு முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவள் பெயர் மெர்சி. வயது முப்பத்து நான்கு. பதினோரு ஆண்டுகளாக அந்தத் தொழிற்சாலையில் ரஃபிங் வேலை. அச்சில் ஏற்றிய காலணியின் மேல்தோலை, அடிப்பாகம் ஒட்ட வேண்டிய விளிம்பில், சுழலும் கம்பிச் சக்கரத்தில் காட்டிச் சொரசொரப்பாக்குவது. நார் எழும்பும்வரை சுரண்ட வேண்டும். நார் அறும்வரை சுரண்டக் கூடாது. வழவழப்பில் பசை பிடிக்காது, சொரசொரப்பில்தான் பிடிக்கும் என்பது வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு அவள் சொல்லித் தரும் முதற்பாடம். அவள் சுரண்டித் தரும் காலணிக்குப் பசை தடவுபவள் உமைமா. மெர்சியைவிட ஆறு வயது இளையவள். ஒரே மேசை, ஒரே டிபன் பாக்ஸ்; ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளுக்கு வேலை ஓடாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போன ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஒரு காலணியின் உள்துணிக்கும் அடித்தோலுக்கும் நடுவே முடி ஒன்று ஒட்டியிருந்ததாம். ஒரே ஒரு முடி. அந்த ஒற்றை முடிக்கு ஈடாக நூற்றுக்கணக்கான பெண்களின் தலைகள் கேட்கப்பட்டன. முடியை ஈரத்தோடு வாரி, இழுத்துச் சுருட்டி, கொண்டை போட்டு, வலை மாட்டி, அதன் மேல் எலாஸ்டிக் வைத்த தொப்பியை இறுக்க வேண்டும். எட்டரை மணிக்குச் சங்கு ஊதுமுன் சூப்பர்வைசர் நவநீதன் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்ப்பான். ஒருத்தியின் முடி ஓர் இழை வெளியே தெரிந்தாலும் அந்த லைன் முழுவதற்கும் காலைத் தேநீர் இடைவேளை பத்து நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறையும். முப்பத்திரண்டு பேரின் தேநீர் ஒருத்தியின் மயிரிழையில் தொங்கியது.

தன் தலையைத் தானே அவ்வளவு இறுக்கிக்கொள்ள எவளாலும் முடியாது. வலித்தால் கை தானாகத் தளர்ந்துவிடும். ஆகவே பெண்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி கட்டிவிடும் வழக்கம் வந்தது. அதிகாரம் எவ்வளவு தந்திரமானது பாருங்கள்! ஒரு விரலைக்கூட அது நீட்டவில்லை. தோழியைக் கொண்டே தோழியை இழுக்க வைத்தது.

மெர்சியின் கொண்டை உமைமாவின் பொறுப்பு. இறுக்கம் போதுமா என்று பார்க்க அவளிடம் ஓர் அளவு இருந்தது. பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, எட்டி முகத்தைப் பார்த்து, "புருவம் ஏறிச்சாக்கா?" என்று கேட்பாள். ஏறியிருந்தால் முடிச்சு. ஏறவில்லையென்றால் இன்னொரு இழுப்பு.

முடியை மூட வேண்டாமென்று மெர்சி ஒருநாளும் சொன்னதில்லை. சுழலும் சக்கரத்தின் முன் நிற்பவளுக்குத் தெரியாதா, தொங்கும் முடி என்ன செய்யும் என்று? மூடுவது வேறு, பிடுங்குவது வேறு. இந்தச் சின்ன வேற்றுமைக்காகத்தான் அவள் வாழ்க்கை முட்டி மோதிக்கொண்டிருக்கிறது.

முதலில் தொப்பிக்குள் முடி உதிர்ந்தது. பிறகு நெற்றியோரம் விலகிற்று. புழுவெட்டு என்றார்கள் லைனில். ஒடுகத்தூரிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வரும் கண்ணம்மாள், ஐம்பதைக் கடந்தவள், சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்க்கச் சொன்னாள். ஒருத்தி பூண்டு என்றாள். ஒருத்தி கைப்பேசியில் ஓர் எண்ணெய் விளம்பரத்தைக் காட்டினாள். மெர்சி வெங்காயத்தைத் தேய்த்தாள். பத்து நாளாயிற்று, பூனைமயிர்கூட முளைக்கவில்லை.

அவள் கணவன் பிரேம்நாத் தோல் பதனிடும் ஆலையில், உப்புத்தாள் உருளையில் தோலைத் தேய்த்து மெருகேற்றுபவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தலையில் சாறு வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் சொல்வதுபோல் யோசனை சொன்னான்.

"சாறு மேலயே ஓடுது பாரு. உள்ள எறங்கல. கொஞ்சம் சுரண்டிட்டுத் தடவிப் பாரேன்."

அவளுக்குச் சட்டென்று விளங்கிற்று. பதினோரு ஆண்டு கற்பித்த பாடம் தனக்கே தோன்றாமல் போயிற்றே என்று வெட்கம்கூட வந்தது. வழவழப்பில் பசை பிடிக்காது. மருந்து மட்டும் எப்படிப் பிடிக்கும்? பாத்திரம் துலக்கும் தேங்காய் நாரில் புதிதாக ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். சிவக்கும்வரை தேய்த்தாள். நார் எழும்பும்வரை என்று கைக்குப் பழக்கமான அளவு ஒன்று இருந்ததல்லவா, அந்த அளவுக்குத் தேய்த்தாள். பிறகு வெங்காயச் சாறு. கண்ணில் நீர் தாரையாக ஓடியது. மருந்து பிடிக்கிறது என்று நம்பினாள். பன்னிரண்டு நாள் விடாமல் செய்தாள். பதின்மூன்றாம் நாள் மாலை தொப்பியைக் கழற்றியபோது எலாஸ்டிக்கோடு தோலும் உரிந்து வந்தது.

சிரிக்காதீர்கள். அறியாமை என்று எழுதி முடித்துவிடாதீர்கள். தோலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஊர் முழுக்கத் தெரிந்ததுதான். தலையைப் பற்றி ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

புதன்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு வேலூருக்குப் போனாள். பெரிய மருத்துவமனையில் வரிசையில் நின்று பார்த்த மருத்துவர் நரைகண்ட ஓர் அம்மையார். யார் இப்படிக் கீறியது என்று அவர் கேட்டார். மெர்சி மறைக்கவில்லை. சக்கரத்தையும் நாரையும் பசையையும் புதுப்பெண்களுக்குச் சொல்வதுபோல் விளக்கிச் சொன்னாள். அம்மையார் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால், காயம் படாத இடத்தில் தொட்டார்.

"நீ வேல செய்றது உசுர் போன தோலும்மா. எவ்ளோ சுரண்டினாலும் தாங்கும். இது உன் தல."

புழுவுமில்லை, வெட்டுமில்லை என்றார். ஈரத்திலே நீண்டுகொடுக்கும் முடியை நாள் முழுக்க இழுத்துக் கட்டியதில் வேர்கள் சோர்ந்து போயிருக்கின்றன, இன்னும் சாகவில்லை. மூன்று மாதம் இழுப்பில்லாமல் விட்டால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். இதே இழுப்புத் தொடர்ந்தால் அந்த இடத்தில் இனி எந்த மருந்துக்கும் எந்தக் காலத்திலும் முளைக்காது. மூன்று மாதம்: அதுதான் கெடு. தளர்ந்த பின்னல், எலாஸ்டிக் இல்லாத மெல்லிய பருத்தி மறைப்பு என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். செவிலியர் ஒருத்தி அகன்ற பல் சீப்பை வைத்து வாரும் முறையைக் காட்டினாள். மெர்சி அதைத் தொழில் கற்பவளாக உற்றுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் கடிதத்தை நவநீதனிடம் நீட்டினாள். கணியம்பாடி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, டிப்ளமோ படித்தவன், அவன் தலைக்கு மேலும் தலைகள் உண்டு. கெட்டவனல்லன். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம். சட்டத்தைக் குடைபோல் பிடித்துக்கொண்டு அதன் அடியில் நிற்பவனோடு எப்படிச் சண்டை போடுவது? கடிதத்தை இருமுறை படித்தான். தொப்பி விஷயம் தன் கையில் இல்லை என்றான். மேலே கேட்கச் சொன்னாள். அடுத்த வாரம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் வருகிறார்கள், இப்போது இதைப் போய்க் கேட்க முடியாது என்றான். மூன்று மாதம்தானே, சம்பளமில்லா விடுப்பில் வீட்டிலிருங்கள் என்றான். திரும்பி வந்தால் இடம் இருக்குமா என்று கேட்டாள். அவன் லைன் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"ஒண்ணு பண்ணுங்கக்கா. வேளாங்கண்ணிக்குப் போய் மொட்ட போட்டுட்டு வாங்க. மாதாவுக்கும் சந்தோசம், கம்பெனிக்கும் சந்தோசம்."

லைன் சிரித்தது. மெர்சியும் சிரிக்க முயன்றாள். எலாஸ்டிக் இறுக்கத்தில் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாசலில், உமைமாவிடம் இறுக்காமல் கட்டச் சொன்னாள். உமைமா தயங்கித் தயங்கித் தளர்த்திக் கட்டினாள். கம்பெனித் தொப்பி அந்தத் தளர்ந்த கொண்டையின் மேல் நிற்கவில்லை. மேலே மேலே ஏறிற்று. காதோரம் நாலு இழை எட்டிப் பார்த்தன. நவநீதன் பலகையில் அந்த லைனுக்கு நேராகச் சிவப்புப் புள்ளி வைத்தான். பத்தரை மணிக்குத் தேநீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. ஆற்றிக் குடிப்பதற்குள் மணி அடித்தது. பாதிக் குவளைகள் தொட்டியில் கொட்டப்பட்டன. அன்று முழுக்க எவளும் மெர்சியோடு பேசவில்லை. பேசியவளும் ஏச்சுக்குத்தான் பேசினாள். ஒருத்தி சீவி முடிச்சிச் சிங்காரிக்க முப்பத்தொரு பேர் தொண்டை காய வேண்டுமா என்றாள். தலை போனால் என்ன, பிழைப்புப் போனால்தான் பேஜாரு என்றாள் கண்ணம்மாள்.

சனிக்கிழமை வேலை விட்டதும் உடைமாற்றும் அறையில் மெர்சி கதவை மறித்து நின்றாள். தன் தொப்பியைக் கழற்றினாள், வலையைக் கழற்றினாள், காயத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள்.

"என்னுத பார்த்துட்டீங்க. உங்களுத காட்டுங்க. காட்டிட்டு அப்புறம் திட்டுங்க."

யாரும் அசையவில்லை. பிறகு உமைமா கழற்றினாள். இன்னொருத்தி. இன்னொருத்தி. கண்ணம்மாள் கடைசி வரை தயங்கினாள். கழற்றியபோது அவள் நெற்றியோரம் வேர்வையில் கறுப்பாக வழிந்தது; முடியில்லாத இடத்தை அவள் கண்மையால் தீட்டிக்கொண்டு வந்திருந்தாள். எத்தனை காலமாக என்று யாரும் கேட்கவில்லை. மெர்சி எண்ணினாள். முப்பத்திரண்டு தலைகளில் பத்தொன்பதில் அதே இடத்தில், அதே அகலத்தில், அதே மினுக்கம். ஒரே அச்சில் ஏற்றிய காலணிகள்போல.

உமைமா முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். முடியை மூடுவோம், இழுத்துக் கட்ட மாட்டோம். எலாஸ்டிக் இல்லாத பருத்தித் தொப்பி வேண்டும். ஒருத்தியின் முடிக்காக எல்லோரின் தேநீரை வெட்டக் கூடாது. கீழே மெர்சி, உமைமா இருவரின் கையெழுத்துகள் இருந்தன. கையெழுத்துக்கான மூன்றாவது வரி காலி.

மற்ற முப்பது பெண்களும் தாளைப் பார்த்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். வெளியே கம்பெனிப் பேருந்து ஹாரன் அடித்தது. துப்பட்டாவையும் முந்தானையையும் தலையில் போர்த்திக்கொண்டு, பேருந்தைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது என்று, வரிசையாக வெளியேறினார்கள். அறைச் சுவரிலிருந்த கண்ணாடியில் தன் காயத்தைத் தவிர வேறெதுவும் மெர்சிக்குத் தெரியவில்லை. வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

ஞாயிறு பிற்பகல் உமைமா மெர்சியின் வீட்டுக்கு வந்தாள். கையில் அகன்ற பல் வேப்பமரச் சீப்பு. பையில் தைத்து முடித்த ஒரு தொப்பி. அவளுடைய பழைய பருத்தித் துப்பட்டாவை வெட்டித் தைத்தது. நெற்றிவரை, காது மறைய, பிடரி வரை இறங்குவது. பின்னால் கட்டிக்கொள்ள நாடா. பிரேம்நாத் வெதுவெதுப்பான நீர் வைத்துக் கொடுத்தான். சுரண்டச் சொன்ன நாளிலிருந்து அவன் அவள் தலையை நேராகப் பார்ப்பதில்லை.

மெர்சி பாயில் உட்கார்ந்தாள். உமைமா பின்னால் அமர்ந்து சீப்பை உச்சியில் வைத்து இழுத்தாள். பழக்கம். மெர்சியின் புருவம் இரண்டும் தாமாக மேலே ஏறின. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் இருவரும் அதைப் பார்த்தார்கள். உமைமா சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"மூணு வருசமா உன் புருவத்தப் பார்த்துப் பார்த்து இழுத்தேன்க்கா. முடியப் பார்க்கவே இல்ல."

"நான் மட்டும் இன்னா? உனக்கு நான்தான கட்டிவுட்டேன். எடு சீப்ப. நுனியிலருந்து வா."

உமைமா நுனியிலிருந்து வந்தாள். இடக்கையால் முடியை நடுவில் பிடித்துக்கொண்டு, சீப்பின் இழுப்பு வேரை எட்டாதபடி, விரற்கடை விரற்கடையாக. சிக்கு வந்த இடத்தில் சீப்பை விட்டு விரலால் பிரித்தாள். நீரை ஊற்றிய பிறகு நகம் படாமல் விரல்நுனியால் மட்டும் வட்டமிட்டாள். காயத்தின் அருகே அதுவுமில்லை, நீரை வழியவிட்டாள். துவட்டவில்லை, துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். காய்ந்த பிறகுதான் பின்னல். மூன்று முறை அவள் கை தன்னையறியாமல் இறுக்கிற்று. மூன்று முறையும் அவிழ்த்து மறுபடி பின்னினாள். இழுக்கக் கற்க அவளுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. இழுக்காதிருக்கக் கற்க ஒரு பிற்பகல் முழுதும் பிடித்தது. தளர்ந்த பின்னல் முதுகில் கிடந்தபோது மெர்சிக்குத் தலை கனமில்லாமல், ஏதோ மறந்துவிட்டாற்போல் இருந்தது. வலியைத்தான் மறந்திருந்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணி இருபது நிமிடம். தளர்ந்த பின்னலைச் சுருட்டி உள்ளே வைத்து, துணித்தொப்பியை நாடாவால் கட்டிக்கொண்டு மெர்சி வாசலுக்கு வந்தாள். நவநீதன் முன்னால் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான், பின்னால் சுற்றிவந்து பார்த்தான். ஓர் இழை வெளியே இல்லை. கம்பெனித் தொப்பி எப்படி மூடுமோ அதைவிடக் கூடுதலாகவே மூடியிருந்தது. அவன் முகத்தில் ஒரு கணம் தயக்கம் தெரிந்தது; பிறகு சட்டம் அவனைக் காப்பாற்றியது.

"முடி தெரியல. ஆனா இது நம்ம தொப்பி இல்ல." பைக்குள்ளிருந்து எலாஸ்டிக் தொப்பி ஒன்றை எடுத்து உமைமாவிடம் நீட்டினான். "கட்டி வுடும்மா. சங்கு ஊதப் போவுது."

உமைமா தொப்பியை வாங்கவில்லை. தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வராது சார். என் கை இனிமே அதுக்கு வராது."

"அப்ப நீயும் வெளிய நில்லு."

சங்கு ஊதிற்று. கம்பிக் கதவு மூடியது. உள்ளே முப்பது தலைகள் இறுகிய கொண்டைகளோடு மேசைகளுக்குப் போயின. வெளியே இரண்டு தலைகள் வெயிலில் நின்றன.

பத்தரை மணிக்குத் தேநீர் இடைவேளை. கண்ணம்மாள் இரண்டு காகிதக் குவளைகளோடு கம்பியருகே வந்தாள். கண்மை வழிந்து கன்னம்வரை இறங்கியிருந்தது. குவளையைக் கம்பியிடுக்கில் நீட்டி, "குடி மெர்சி, ஆறிடும்" என்றாள்.

மெர்சி குவளையை வாங்கவில்லை. மடியிலிருந்த தாளை எடுத்து அதே கம்பியிடுக்கில் உள்ளே நீட்டினாள்.

"டீ வேணாம் கண்ணம்மாக்கா. கையெழுத்துப் போடு."

கண்ணம்மாள் தாளைப் பார்த்தாள். பின்னால் திரும்பி நவநீதனைப் பார்த்தாள். தேநீர்க் குவளைகளைக் கதவடியில் தரையில் வைத்தாள். மணி அடித்தது. போய்விட்டாள்.

அந்தக் குவளைகள் இன்னும் அங்கே ஆறிக்கொண்டிருக்கின்றன. மருத்துவர் கொடுத்த கெடுவில் எண்பத்தைந்து நாள் மீதமிருக்கிறது. மெர்சியின் வேர்கள் மேலிடத்து அனுமதிக்காகக் காத்திரா. அவை நாளை எண்ணிக்கொண்டிருக்கின்றன. இதுவரை கேட்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டியவர்களே, உங்கள் இரக்கம் கம்பியிடுக்கில் நீண்ட அந்தத் தேநீர்தான். அது தாகத்துக்கு ஆகலாம், தலைக்கு ஆகாது. உங்கள் வீட்டுப் பெண்ணின் நெற்றியோரத்தை இன்றே விலக்கிப் பாருங்கள். பள்ளிக்குப் போகும் மகளின் ரிப்பனை நீங்கள் எவ்வளவு இறுக்குகிறீர்கள் என்று அவள் புருவத்தைக் கேளுங்கள். சீப்பை நுனியிலிருந்து பிடியுங்கள். காலணி வாங்கும் கடையில், இதை ஒட்டியவளின் தலை எப்படியிருக்கிறது என்று உரக்கக் கேளுங்கள். கேட்டுவிட்டு அதோடு நின்றுவிடாதீர்கள். நாளைக் காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு அந்த வாசலுக்கு வாருங்கள். தாள் மெர்சியின் கையில் இருக்கிறது. மூன்றாவது வரி இன்னும் காலி. வந்து கையெழுத்துப் போடுங்கள்.